பச்சை மீன் பழக்கமில்லாத வீட்டில் மீன் சமைப்பது எப்படி?

இடையில் வந்து வாசிப்பவர்களுக்காகக் கேள்வியை ஒருதரம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஹற்றன் பக்கம். வேலை மாற்றமாகி மனைவி, ஆறு வயது மகளோடு திருகோணமலைக்கு வந்து சில மாதம் ஆகிறது. ஊரில் கருவாடு, நெத்தலி, ரின்மீன் தவிர பச்சை மீன் வாங்கிச் சமைத்த பழக்கம் இல்லை. வாரத்தில் இரண்டு நாளாவது மீன் சாப்பிடச் சொல்லி மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரண்டு தரம் குழம்பு வைத்துப் பார்த்தீர்கள். வீடெல்லாம் வெடுக்கு. மகள் முள் குத்துகிறது என்று கோப்பையைத் தள்ளிவிட்டாள். "தூள் அதிகம் போட்டும் மணம் போகவில்லை, சுலபமான செய்முறை சொல்லுங்கள்" என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது செய்முறை. ஆனால் உங்களை மறித்து நிற்பவை வெடுக்கும் முள்ளும். இரண்டுமே அடுப்பில் தீருகிற பிரச்சினை இல்லை. சந்தையிலும் கழுவும் இடத்திலும் முக்கால்வாசி தீர்ந்துவிடும். மிச்சக் கால்வாசிதான் சமையல். நான் பாடசாலையில் மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள், வாழ்க்கைப்பட்டது வள்ளமும் வலையும் உள்ள குடும்பத்தில். அதனால் புத்தகம் சொல்வதும் கரையில் சொல்வதும் இரண்டும் கொஞ்சம் தெரியும். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களையும் சொல்கிறேன்.

முதலில் வெடுக்கு. கடல்மீனின் சதையில் மணமில்லாத ஒரு பொருள் இயற்கையாகவே இருக்கிறது, ட்ரைமெத்திலமைன் ஒக்சைட் என்று பெயர். மீன் செத்த பிறகு பக்ரீரியாக்கள் அதை ட்ரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. நாம் வெடுக்கு என்று முகம் சுளிப்பது பெரும்பாலும் இதைத்தான். அன்று காலை கரைக்கு வந்த மீனில் இது மிகக் குறைவு. கடல் மணம் இருக்கும், அவ்வளவுதான். மலைநாட்டுக்கு மீன் போய்ச் சேர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகிவிடும், வழியில் ஐஸும் கரையும். ஆகவே நீங்கள் சின்ன வயதில் இருந்து மீன் மணம் என்று அறிந்தது பழைய மீனின் மணமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த மணத்துக்குப் பயந்து தூளை அள்ளிப் போட்டால் உறைப்பும் வெடுக்கும் சேர்ந்து நிற்கும். ஒன்று மற்றதை அழிக்காது. அதை உண்மையில் அடக்குவது புளிப்பு. ட்ரைமெத்திலமைன் காரத்தன்மை உள்ளது, புளிப்புப் பட்டதும் ஆவியாகிப் பறக்காத உப்பாக மாறிவிடும். நம்முடைய ஆட்கள் மீனுக்குப் பழப்புளியும் கொறுக்காய்ப்புளியும் தேசிக்காயும் சேர்த்ததில் இந்தக் காரணமும் இருக்கிறது.

வாங்கும்போது கண்ணைப் பார், செவுளைப் பார் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஐஸில் நேரே பட்டுக் கிடந்த நல்ல மீனுக்கும் கண் வெளிறிப் போகும். நான் முதலில் வயிற்றைத் தான் அழுத்துவேன். விரலை எடுத்ததும் பள்ளம் மேலெழ வேண்டும். வயிறு தொளதொளத்தாலோ, ஓட்டை விழுந்து குடல் தெரிந்தாலோ அடுத்த கடைக்குப் போகலாம். பிறகு செவுளைத் தூக்கி முகர்ந்து பார்க்க வேண்டும். சிவப்பு மட்டும் போதாது, மூக்குக்கும் சம்மதமாக இருக்க வேண்டும். வியாபாரி முறைத்தால் முறைக்கட்டும், காசு கொடுப்பது நீங்கள். துண்டு போட்டு வைத்த மீனானால் முள்ளில் இருந்து சதை விலகி நிற்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் பழசு.

இந்தக் கரையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. டைனமைட் போட்டுப் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஆனாலும் அப்படிப் பிடித்த மீன் சந்தைக்கு வராமல் இல்லை. வெளியே பார்க்கப் பளபளப்பாக இருக்கும். வெட்டினால் நடு முள் நொறுங்கியிருக்கும், சதைக்குள் இரத்தம் கசிந்து திட்டுத் திட்டாக நிற்கும். அப்படி உள்ளே சிதைந்த மீன் கெதியாகப் பழுதாகிவிடும், எவ்வளவு கழுவினாலும் வெடுக்கும் நிற்கும். உங்கள் இரண்டு குழம்பில் ஒன்று இதுவாகவும் இருந்திருக்கலாம். முன்னால் வைத்து வெட்டச் சொல்லி வாங்கினால் ஏமாற வேண்டியதில்லை.

எந்த மீன்? தொடங்குகிறவர்களுக்குப் பாரை, விளைமீன், சீலா. கை தாராளமாக இருந்தால் அறக்குளா. வெள்ளைச் சதை, மெல்லிய சுவை, பெரிய துண்டாக வெட்டினால் முள் கண்ணுக்குத் தெரியும். சூரை விலை குறைவு, சத்தும் நல்லது, ஆனால் கருஞ்சதை கூடிய மீன். மணமும் கனதி. பழகின பிறகு வாங்குங்கள். சூடையும் சாளையும் ருசியில் குறைந்தவை இல்லை, சொல்லப்போனால் எங்கள் வீட்டில் பொரித்த சூடைக்குத்தான் சண்டை வரும். ஆனால் சதை முழுக்க மயிர்முள், ஆறு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். கந்தளாய்ப் பக்கத்தில் இருந்து வரும் குளத்து மீன், யப்பான் மீன் என்று விற்பதைக் கடல் வெடுக்கு இல்லை என்று சிலர் வாங்குகிறார்கள். உண்மைதான், நன்னீர் மீனில் நான் மேலே சொன்ன பொருள் மிகவும் குறைவு. ஆனால் சிலவற்றில் சேற்று மணம் இருக்கும், அது வேறு தலையிடி.

முழு மீனாக வாங்கினால் வால் பக்கத்துத் துண்டைப் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். வயிற்றுப் பக்கத்தில் விலா முள்ளும் சதைக்குள் மறைந்த சின்ன முள்ளும் உண்டு. பாரை, விளைமீன் போன்றவற்றில் வாலை நோக்கிப் போகப்போக நடு முள்ளும் அதிலிருந்து மேலும் கீழும் போகும் முள்ளும்தான் மிஞ்சும். பாரைக்கு வால் ஓரமாக இரண்டு பக்கமும் வாள் பல் மாதிரி ஒரு வரிசைக் கெட்டிச் செதில் இருக்கும். அதைச் சீவித் தரச் சொல்லி வியாபாரியிடமே கேளுங்கள், வீட்டில் செய்தால் கை கிழியும்.

கழுவுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். துண்டுகளைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். வெடுக்கு எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே கை வைப்பதில்லை. வயிற்றைத் திறந்து பார்த்தால், உள்ளே நடு முள்ளை ஒட்டிக் கறுப்புக் கயிறு போல ஒரு கோடு ஓடும். இரத்தம் என்று சொல்வார்கள், உண்மையில் அது இரத்தம் நிறைந்த சிறுநீரகம். மேலே மெல்லிய சவ்வு மூடியிருக்கும். கத்தி நுனியால் அந்தச் சவ்வைக் கீறி, பெருவிரல் நகத்தால் தலைப் பக்கத்தில் இருந்து வால் பக்கம் சுரண்டிக்கொண்டே ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். சில மீன்களுக்கு வயிற்றின் உட்சுவரில் கறுப்புத் தோல் ஒன்று இருக்கும், அதையும் உரித்துவிட வேண்டும். செவுளில் ஒரு இழைகூட மிஞ்சக் கூடாது. பிறகு ஒரு கை உப்பும் பாதித் தேசிக்காயும் போட்டுப் பிசறி, ஐந்து நிமிடத்துக்குள் அலசி எடுத்துவிடுங்கள். அதற்குமேல் புளிப்பில் கிடந்தால் சதையின் வெளிப்புறம் வெந்தது போல வெளுத்து இறுகும். கழிவைக் கடதாசியில் சுற்றி சொப்பிங் பாக்கில் கட்டி உடனே வெளியே கொண்டுபோங்கள். வீட்டு மணத்தில் பாதி அந்தக் கூடையில் இருந்து வருவதுதான்.

வேகும் நேரத்தையும் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதில் "நன்றாக வேகட்டும் என்று முக்கால் மணித்தியாலம்" என்ற ஒரு வரி என் கண்ணில் பட்டது. இறைச்சிக்கு அது சரி, மீனுக்கு இல்லை. மீன் சதையின் நார் குட்டை, அதைக் கட்டி வைத்திருக்கும் இழைகளும் மெல்லியவை, சூடு பட்டதும் கெதியாக இளகிவிடும். ஒரு அங்குலக் கனமுள்ள துண்டுக்குப் பத்து நிமிடம் என்பது சமையற்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் துண்டின் நடுவில் 63 பாகை செல்சியஸ் வந்தால் போதும் என்கிறது. வெப்பமானி தேவையில்லை. அகப்பைக் காம்பால் மெதுவாக அழுத்தினால் சதை இதழ் இதழாகப் பிரிந்து, உள்ளே கண்ணாடித் தன்மை போய் வெள்ளையாக இருந்தால் வெந்துவிட்டது. மேலும் கொதித்தால் சதை உலர்ந்து சக்கையாகும், அடுக்களையில் மணமும் கூடும்.

இனிச் சமையல். உங்கள் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது குழம்பே இல்லை, வறை. மீன் என்ற தோற்றமே இல்லாமல் மரக்கறிச் சுண்டல் மாதிரி வரும். முள்ளைக் கையால் நீங்களே எடுத்துவிட்டுத்தான் சமைக்கிறீர்கள், ஆகவே பயமும் இல்லை. வழக்கமாகச் சுறாவில் செய்வது, ஆனால் பாரையிலும் நன்றாக வரும். 500 கிராம் பாரைத் துண்டை மூடும் அளவு தண்ணீரில் உப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள், ஒரு சுளைக் கொறுக்காய்ப்புளி போட்டு எட்டு, பத்து நிமிடம் அவியுங்கள். ஆறவிட்டுத் தோலையும் முள்ளையும் எடுத்து, சதையை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரைப் பிழிந்து உதிர்த்துக்கொள்ளுங்கள். உதிர்த்ததைக் கோப்பையில் பரப்பி விரலால் இன்னொருதரம் தடவிப் பாருங்கள், தப்பின முள் விரலில் தட்டும். தாச்சியில் எண்ணெய் விட்டுக் கடுகு, பெருஞ்சீரகம், வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, மீனைப் போட்டு அடுப்பைக் குறைத்துக் கிளறுங்கள். ஈரம் வற்றினதும் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, கொஞ்சம் மிளகுதூள், இரண்டு நிமிடம், இறக்கித் தேசிக்காய். பிட்டோடும் சரி, பாணுக்குள் வைத்தும் சரி. மிஞ்சினால் அவித்த உருளைக்கிழங்கோடு பிசைந்து கட்லட் பிடிக்கலாம். பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டிக்கு அது போதும்.

வறை பழகினதும் சொதி. அரைத் தேங்காயில் கட்டிப்பால் அரைக் கப், தண்ணிப்பால் இரண்டு கப் எடுத்து வையுங்கள். சட்டியில் தண்ணிப்பாலோடு பத்துச் சின்ன வெங்காயம், நாலு பச்சை மிளகாய், மூன்று பல் உள்ளி, அரைத் தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்புப் போட்டுக் கொதிக்க விடுங்கள். வெங்காயம் வெந்த பிறகே மீன் போக வேண்டும், முதலிலேயே போட்டால் வெங்காயத்துக்குக் காத்திருந்து மீன் சக்கையாகும். மீனைப் போட்டபின் அகப்பை விடாதீர்கள், சட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும். ஏழெட்டு நிமிடத்தில் கட்டிப்பாலை விட்டு, ஒரு கொதி வருமுன் இறக்கி, சூடு கொஞ்சம் அடங்கினபின் தேசிக்காய் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் பால் திரையும். மகளுக்கு இடியப்பத்தில் முதலில் சொதியை மட்டும் விட்டுக் கொடுங்கள், மீன் துண்டு வேண்டாம். சொதியின் ருசி பிடித்தால் அடுத்த தரம் துண்டைத் தானே கேட்பாள்.

பொரியலுக்குப் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. துண்டு விரல் கனம், துணியால் ஒற்றி ஈரம் நீக்கி, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், ஒரு தேக்கரண்டி அரிசிமா தடவி, எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின் போடுவது. போட்டதும் கிளற வேண்டாம். ஒரு பக்கம் பொரிந்து இறுகினால் தாச்சியை விட்டுத் தானே கழன்று வரும், அதற்கு முன் திருப்பினால் தோல் தாச்சியோடு நின்றுவிடும். புகையும் மணமும் அக்கம்பக்கம் போகாமல் இருக்க வேண்டும் என்றால் ஆவியில் வைப்பதுதான் நல்லது. துண்டில் உப்பு, மிளகு, நசுக்கிய உள்ளி, தேசிக்காய் பூசி, நெருப்பில் வாட்டிய வாழையிலையில் மடித்து, இடியப்பம் அவிக்கும் பாத்திரத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். வெள்ளிக்கிழமையும் விரதமும் பார்க்கிற வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள், அவர்களுக்கும் தொந்தரவு இல்லை. மண்சட்டி வைத்திருந்தால் மீனுக்கென்று தனியாக ஒன்று வாங்குங்கள். மண்ணில் நுண்துளை உண்டு, மணத்தைப் பிடித்து வைத்து அடுத்த நாள் பருப்பில் விடும்.

முள் தொண்டையில் சிக்கினால் சோற்றை உருண்டை பிடித்து விழுங்கச் சொல்வது எங்கள் பக்கத்திலும் உண்டு. நான் அதை இப்போது சொல்வதில்லை. சில வேளை இறங்கும், சில வேளை முள்ளை இன்னும் ஆழமாகக் குத்திவிடும். நோவு நின்றால் சரி, நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான். பிள்ளைக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம்.

இனி, உறுதியானதையும் ஊர்ப்பேச்சையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உறுதியானது ஒன்று: சூரை, கும்பளா போன்ற கருஞ்சதை மீன்கள் வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்ரமின் என்ற நச்சுப்பொருள் சேரும். பிறகு எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. புளிப்பும் அதற்கு மருந்தில்லை. வாயில் வைத்ததும் நாக்கில் சுள்ளென்று உறைத்தால், சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடித்தால் இதை நினைக்க வேண்டும். மத்தியானம் ஐஸ் இல்லாத தட்டில் சூரை மலிவாகக் கிடந்தால் வாங்க வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். இன்னொன்று: பெரிய மீன் சின்ன மீனைத் தின்று வளர்வதால், வயது போன பெரிய சுறா போன்றவற்றில் பாதரசம் கூடச் சேரும். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அவற்றை அடிக்கடி கொடுக்கக் கூடாது. பாரை வறையை நான் முன்னுக்கு வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றப் பக்கம், மீனும் தயிரும் ஒன்றாகச் சாப்பிட்டால் தோலில் வெள்ளை விழும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. தயிரில் பிசறி மீன் சமைக்கிற நாடுகள் இருக்கின்றன. இந்த மீன் சூடு, அந்த மீன் குளிர் என்பதும், பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கொடுத்தால் பால் ஊறும் என்பதும் காலங்காலமாகச் சொல்லப்படுவது. நானும் என் மருமகளுக்குப் பால்சுறாக் கறி கொடுத்தேன், மாமி ஒருத்தி அதைச் செய்யாமல் இருக்க முடியாது. ஆனால் அது மருத்துவ உண்மை என்று உங்களுக்கு எழுதித் தர மாட்டேன்.

மருத்துவர் சொன்ன இரண்டு நாள் கணக்கு சரிதான். அமெரிக்க இதயச் சங்கமும் வாரம் இரண்டு முறை என்றுதான் சொல்கிறது, ஒரு முறைக்குச் சமைத்த மீன் 85 கிராம் அளவு. உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளையும் எண்ணெயில் பொரித்தே கழிக்காமல் ஒரு நாளாவது சொதியோ ஆவியோ இருக்கட்டும். ஆனால் மகளுக்கு மீன் சாப்பிட்டபின் வாய் அரித்தாலோ உதடு வீங்கினாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம், அதைச் சமையல் தெரிந்தவளிடம் கேட்கக் கூடாது. மூச்சு இழுத்தால் நேரே ஆஸ்பத்திரி. கொலஸ்ரோல், சிறுநீரகம் என்று வேறு காரணத்துக்காக உங்களுக்கு மீன் சொல்லியிருந்தால், எந்த மீன், எவ்வளவு உப்பு என்பதையும் அந்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, காலம் பார்த்து வாங்குங்கள். பங்குனியில் இருந்து புரட்டாதி வரை இந்தப் பக்கத்துக் கடல் பெரும்பாலும் அமைதி, மீனும் தாராளம். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கினால் வெளிக்கடலுக்கு வள்ளம் போவது குறையும். கொட்டியாரக் குடாவிலும் களப்பிலும் படுவதை வைத்துத்தான் சந்தை ஓடும், விலையும் ஏறும். அந்த மாதங்களுக்காகப் பிரிட்ஜில் வைப்பதானால், வாங்கிய அன்றே சுத்தம் செய்து, ஒரு வேளைக்கு ஒரு பை என்று பிரித்து, காற்றை வெளியே தள்ளிக் கட்டி உறைய வையுங்கள். சமைக்க முதல்நாள் இரவு கீழ்த்தட்டில் இறக்கி வைத்தால் காலையில் இளகியிருக்கும். சுடுதண்ணீரில் போட்டு இளக்கினால் வெளிப்புறம் வெந்து உள்ளே கல்லாக இருக்கும். உறைய வைக்காமல் கீழ்த்தட்டில் வெறுமனே வைப்பதானால் அடுத்த நாளுக்குள் சமைத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் நீண்ட நேரம் நின்று மீன் இளகிச் சூடேறிவிட்டால் திரும்ப உறைய வைக்காதீர்கள். அந்த வாரம் ரின்மீனை உடைத்து வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய் போட்டுப் பிரட்டினால் போதும். அதில் முள்ளும் மெத்தென்று வெந்திருக்கும், மகள் முள்ளோடேயே சாப்பிடலாம்.